வேலியில் காய்த்த எண்ணெய்

மரம் செடியிலிருந்து எடுக்கும் எரிபொருளை யாராவது என் முன்னால் புகழ்ந்து பேசினால் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். அவர்கள் சொல்வது பொய் என்பதால் அல்ல. வேலியிலேயே காய்க்கும், தண்ணீர் கேட்காது, மாடு கடிக்காது, கப்பல் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்பார்கள். அத்தனையும் உண்மைதான். நானும் ஒரு காலத்தில் இதையே சொன்னவன். அவர்களைவிடச் சத்தமாகச் சொன்னவன்.

என் பெயர் இத்ரூஸ். பதுளைக் கடைத்தெருவில் எண்ணெய்க் கடை வைத்திருக்கிறேன். கடைக்குப் பின்னால் வளவில் ஒரு செக்கு, அதை இழுக்க ஒரு மாடு. தெமோதரைப் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் தேங்காயெண்ணெய் நான்தான் கொடுத்து வந்தேன். குருவிமலைத் தேயிலைத் தோட்டத்துக் கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயங்களில் என்னை எல்லாரும் அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளத்துக்கு மறுநாள் நான் தகரத்தோடு லயத்துக்குப் போனால், போத்தலும் கையுமாகப் பெண்கள் வாசலில் நிற்பார்கள்.

சீமையில் நடந்த யுத்தம் நான்காம் வருஷத்துக்குள் நுழைந்தபோது மண்ணெண்ணெய் வருவது அநேகமாக நின்றுவிட்டது. வீட்டு விளக்கு எரியாவிட்டால் இருட்டில் உட்கார்ந்துகொள்ளலாம். தேயிலை பக்டரி இஞ்சின் நின்றால் அப்படி உட்கார முடியாது. அன்று பறித்த கொழுந்தை அன்றைக்கே வாட்டி, உருட்டி, காய வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் அது குப்பை. குருவிமலைத் துரைக்கு இந்தக் கவலையில் முகமே கறுத்துப் போயிருந்தது.

ஒருநாள் குதிரையில் என் கடை வாசலுக்கே வந்து இறங்கினார். தன்னுடைய இஞ்சின் எந்த எண்ணெயையும் குடிக்கும் என்று ஏதோ புத்தகத்தில் படித்தாராம். கரையோரத்தில் தேங்காயெண்ணெய் ஏற்றிப் போகக் கப்பல் இல்லாமல் பீப்பா பீப்பாவாகத் தேங்கிக் கிடக்கிறதாமே, அதை எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. சரி என்றேன். என் எண்ணெய் தோசைக்கல்லிலிருந்து இஞ்சினுக்கு உயர்ந்துவிட்டதாக அன்றைக்கு எனக்கு அப்படி ஒரு பெருமை.

முதல் பீப்பாவோடு நானே போனேன். இஞ்சின்காரன் வீரய்யா ஊதுவிளக்கால் இஞ்சின் தலையைப் பழுக்கக் காய்ச்சி, சக்கரத்தைத் தள்ளிவிட்டான். இரண்டு தரம் தும்மிவிட்டு அது ஓட ஆரம்பித்தது. மண்ணெண்ணெய் நாற்றம் கொஞ்சமும் இல்லை. தேயிலையில் மண்ணெண்ணெய் வாடை ஏறிவிடுகிறது என்று எத்தனையோ பெட்டிகள் திரும்பி வந்திருந்தன. இனி அந்தக் கவலையும் தீர்ந்தது என்று துரை என் தோளில் தட்டினார். வீரய்யா கையிலிருந்த பிசுக்கைத் தலையில் தேய்த்துக்கொண்டு சிரித்தான். நான் பதுளைக்குத் திரும்பி வந்து, சீமையும் வேண்டாம், கப்பலும் வேண்டாம், நம் தென்னை மரம் போதும் என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

குறைகள் ஒவ்வொன்றாகத்தான் வெளியே வந்தன. மலைக்குளிரில் எண்ணெய் பீப்பாவுக்குள்ளேயே வெள்ளையாக உறைந்து கிடந்தது. தினமும் விடிந்ததும் அடியில் மிலாறு எரித்து இளக்க வேண்டும். தேயிலையைக் கவ்வாத்து வெட்டிய குச்சிதான் மிலாறு. லயத்தில் அடுப்பெரிக்க இருந்த ஒரே விறகும் அதுதான். அதில் பாதி இப்போது பக்டரிக்குப் போனது. பெண்கள் ஈரக்குச்சியை ஊதி ஊதிக் கண் சிவந்து நின்றார்கள். ஒரு செடியின் எண்ணெயை எரிக்க இன்னொரு செடியின் விறகை எரித்தோம். இதற்குப் பெயர் சிக்கனமாம்.

அதைவிடக் கேவலம் அந்த வாசனை. தேங்காயெண்ணெய் எரிந்தால் பலகாரம் சுடும் மணம் வரும். பக்டரிப் புகைபோக்கியிலிருந்து பகல் முழுக்க அந்த மணம் இறங்கி லயத்தின்மேல் படிந்தது. அப்போது தோட்டத்தில் அரிசியைக் குறைத்திருந்தார்கள். கொடுத்ததும் புழு நெளியும் அரிசி, கழுவினால் பாதி மிதக்கும். அதைக் கஞ்சி வைத்துக் குடித்துவிட்டு, பக்டரிக்குப் பின்னால் காற்றுக்கு முகம் கொடுத்துச் சின்னப் பிள்ளைகள் வரிசையாக நிற்பதை நான் பார்த்தேன். மூக்கால் வடை தின்றுகொண்டிருந்தன. பார்த்துவிட்டு எண்ணெய்ப் பீப்பாவை இறக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்படி இருந்தால் யாருடைய கைதான் சும்மா இருக்கும்? தேயிலை சலிக்கும் அறையிலிருந்து வீட்டுக்குப் போகும் பெண்கள் இஞ்சின் கொட்டகைப் பக்கமாகப் போக ஆரம்பித்தார்கள். முதலில் ஒரு விரல் எண்ணெய் தலைக்குப் போனது. அப்புறம் ஒரு சிரட்டை எண்ணெய் முந்தானைக்குள் போனது. வீரய்யா அந்த நேரம் பார்த்து இஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொள்வான். நான் ஒருதரம் அவனைக் கேலி செய்தபோது அவன் சிரிக்கவில்லை.

"இஞ்சினு ஒரு நாளைக்குக் குடிக்கிறத லயமே ஒரு மாசத்துக்குத் திங்காது நானா. அதுல ஒரு வாய் போனா என்ன?"

துரைக்கு அந்த ஒரு வாய் உறுத்தியது. இஞ்சின் குடிக்கும் அளவு கூடிக்கொண்டே போவதைக் கண்டுபிடித்துவிட்டார். பூட்டுப் போட்டுப் பார்த்தார், பிரயோசனமில்லை. பிறகு ஒருநாள் மறுபடியும் என் கடைக்கு வந்தார். கையில் ஒரு கொத்துக் காட்டாமணக்குக் காய்.

காட்டாமணக்கு தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். ஒரு கம்பை ஒடித்து நட்டால் வேலியாகிவிடும். ஆடு மாடு முகர்ந்துகூடப் பார்க்காது. குருவிமலைத் தோட்டத்தைச் சுற்றி மைல் கணக்கில் இதே வேலிதான். காயை ஆட்டினால் நல்ல எண்ணெய் வரும், புகையில்லாமல் எரியும், குளிரில் உறையாது. துரை இந்தக் குணங்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, கடைசியாக இன்னொரு குணமும் உண்டு, இதை யாரும் சாப்பிட முடியாது என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த திருப்தியை இன்று நினைத்தாலும் எச்சில் துப்பத் தோன்றுகிறது. ஆனால் அன்றைக்கு நான் துப்பவில்லை. ஆட்டித் தருகிறேன் என்றேன்.

மூட்டை மூட்டையாகக் காய் வந்தது. செக்கில் ஆட்டினோம். இளமஞ்சளாக, கண்ணுக்கு லட்சணமாக, வாடையே இல்லாத எண்ணெய் வடிந்தது. இரண்டாம் நாள் என் மாடு எட்டிப் பிண்ணாக்கை நக்கிவிட்டது. அன்று சாயங்காலமே படுத்துவிட்டது. மூன்று நாள் வாயில் நுரை தள்ளியது, வயிற்றாலும் போனது. வளவு முழுக்க நாற்றம். என் மனைவி ஸுலைஹா வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். மூன்றாம் நாள் கூட்டிக் கழுவிய தும்புத்தடியை மூலையில் சாத்திவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"மாட்டுக்கே இப்பிடியெண்டா மனிசருக்கு எப்பிடி? லயத்து மனிசருக்குச் சொல்லிட்டீங்களா?"

சொல்லவில்லை. துரையிடம் மட்டும் கேட்டேன். லயத்துக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுவோமா என்று, கையைக் கட்டிக்கொண்டு, மிகவும் பணிவாகக் கேட்டேன். துரை சிரித்தார். நீ சொன்னால் அவர்கள் நம்ப மாட்டார்கள், எண்ணெயைக் காப்பாற்றக் கடைக்காரன் கதை கட்டுகிறான் என்பார்கள், அவர்கள் வயிறு சொன்னால் நம்புவார்கள் என்றார். ஒருவனுக்கு ஒருநாள் வயிறு வலித்தால் போதுமாம், தோட்டம் முழுக்கப் பாடம் படித்துவிடுமாம். தோட்டத்தில் யாருக்கும் தெரியாமலிருக்க, இதைத் தேங்காயெண்ணெயில் கலப்பதை என் வளவிலேயே செய்துவிடச் சொன்னார். வீரய்யாவுக்குக்கூடச் சொல்லக் கூடாது என்றார். நான் தலையாட்டினேன். நாலில் மூன்று பங்கு தேங்காயெண்ணெய், ஒரு பங்கு காட்டாமணக்கெண்ணெய். கலந்தது என் கை. வேறு யாருடைய கையும் இல்லை.

கலந்த அன்று ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்து ஜன்னலில் வைத்தேன். அது உறையக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். காரணம் இதுதான். கரையிலிருந்து வரும் சில வியாபாரிகள் தேங்காயெண்ணெயில் கண்டதையும் கலந்து விற்றார்கள். அவர்களை விரட்டுவதற்காக, லயம் லயமாகப் போய் நானே ஒரு சோதனை சொல்லிக் கொடுத்திருந்தேன். கிண்ணத்தில் ஊற்றிக் குளிரில் வையுங்கள், வெண்ணெய் மாதிரி உறைந்தால் அது சுத்தமான எண்ணெய், இத்ரூஸ் எண்ணெய், உறையாவிட்டால் கலப்படம், கீழே கொட்டுங்கள் என்று. பத்து வருஷமாக மலை முழுக்க அந்தச் சோதனைதான் நடந்தது. கரையில் இருப்பவர்கள் இதை நம்ப மாட்டார்கள், அங்கே எண்ணெய் உறைவதே இல்லை. எங்கள் மலைக்காரர்களுக்கு உறைந்த எண்ணெய்தான் யோக்கியமான எண்ணெய். மறுநாள் காலையில் ஜன்னலைத் திறந்தேன். கிண்ணத்தில் எண்ணெய் வெள்ளை வெளேரென்று உறைந்திருந்தது.

அதற்குப் பிறகு ஒரு மாதம். அந்த ஒரு மாதத்தில் இரண்டு தரம் குருவிமலைக்குப் போனேன். ஒவ்வொரு தரமும் லயத்துப் பக்கம் போகும் பாதை வரை போய்த் திரும்பிவிட்டேன். எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணங்களுக்குக் குறைவே இல்லை. யாருக்கும் வயிறு வலித்ததாகக் காதில் விழவில்லை, இப்போது யாரும் எடுப்பதில்லை போலிருக்கிறது என்றேன். தலைக்குத்தானே தேய்க்கிறார்கள் என்றேன். சொன்னால் துரை எண்ணெயை வேறு கடையில் எடுப்பார், அந்தக் கடைக்காரன் இன்னும் மோசமாகக் கலப்பான் என்றேன். கடைசிக் காரணத்தைச் சொல்லும்போது எனக்கு என்மேல் மரியாதைகூட வந்தது. அவ்வளவு கேடுகெட்டுப் போயிருந்தேன். இஞ்சினோ முன்னைவிட நன்றாக ஓடியது. கரி குறைந்துவிட்டது, காலையில் இளக்கக் கொஞ்ச மிலாறு போதும் என்று வீரய்யா என் எண்ணெயைப் பாராட்டினான்.

தீபாவளி வந்தது. அதை நான் மறந்திருந்தேன் என்று சொன்னால் அது பொய். ஒவ்வொரு தீபாவளிக்கும் எனக்கு லயத்திலிருந்து பலகாரம் வரும். அந்த வருஷம் வரக் கூடாது என்று கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தேன். பகல் நேரம் வீரய்யாவிடமிருந்து வண்டிக்காரன் சேதி கொண்டுவந்தான். மேட்டு லயத்தில் பாதிப் பேர் வாந்தியும் பேதியுமாகக் கிடக்கிறார்களாம், பழகின நாட்டு மருந்து ஏதாவது இருந்தால் எடுத்துக்கொண்டு நானா வர முடியுமா என்று கேட்டிருந்தான். புழுத்த அரிசிதான் காரணம் என்று பேசிக்கொள்கிறார்களாம். ஸுலைஹா என்னைப் பார்த்த பார்வையில் நான் செருப்புக்கூடப் போடாமல் வண்டியில் ஏறினேன்.

மேட்டு லயம் என்றால் ஒற்றை அறை வீடுகளாக இருபத்துமூன்று காம்பரா, முன்னால் கழிவுநீர் ஓட ஒரே காணு. அந்தக் காணோரம் வரிசையாகக் குந்தியிருந்தார்கள், காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுத்துணி கட்டியவர்கள். தலையில் எண்ணெய் மினுமினுத்தது, துணியெல்லாம் வாந்தி. காணில் ஓடியதைச் சொல்ல மாட்டேன். ஈயும் நாயும் அதில் இருந்தன. இரண்டு அடுப்பில் அப்போதும் பணியாரம் வெந்துகொண்டிருந்தது, விருந்தாளி வருவார்களே என்று. வாந்தி நாற்றமும் பலகார மணமும் ஒன்றாகக் கலந்து வந்தன. வீரய்யா வந்து என் கையைப் பிடித்தான். தீபாவளியாயிற்றே என்று காம்பராவுக்கு ஒரு சிரட்டை எண்ணெய் தானே மொண்டு கொடுத்ததாகவும், துரையிடம் சொல்லிவிட வேண்டாம் என்றும் காதோடு கேட்டுக்கொண்டான்.

ஆறாவது காம்பரா கருப்பம்மாவுடையது. தேயிலை சலிக்கிறவள். அவள் புருஷன் உள்ளே சுருண்டு கிடந்தான். அவளுடைய ஐந்து வயது மகள் ரெங்கம்மா வாசலில் சாக்கின்மேல் கிடந்தாள். கண் குழி விழுந்து, உதடு வெடித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினாள். வயிறு வலித்தால் தொப்புளில் தேங்காயெண்ணெய் தடவி, வெதுவெதுப்பாக ஒரு கரண்டி உள்ளுக்கும் கொடுப்பது லயத்து வழக்கம். ஒரு கரண்டி ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. இரண்டாவது கரண்டி கருப்பம்மாவின் கையில் இருந்தது.

நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். எண்ணெய் சாக்கில் கொட்டியது. எண்ணெயில் நஞ்சு இருக்கிறது, காட்டாமணக்கு கலந்தது, எல்லாரும் இருக்கிறதைக் காணில் கொட்டுங்கள் என்று கத்தினேன். லயம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கொட்ட ஒருவரும் எழவில்லை. கருப்பம்மாவுக்குக் கோபம் வரவில்லை, வந்திருந்தால் நன்றாயிருக்கும். அவள் என்னைப் பரிதாபமாகத்தான் பார்த்தாள்.

"தொரை சொல்லி அனுப்புனாரா நானா? எண்ணெய எடுத்தது தப்புதான், பேசாம இருங்க. பெத்த புள்ள மேல சத்தியமா, ஒறைய வச்சுப் பாத்துட்டுத்தான் சட்டியில ஊத்துனேன். வெண்ணெ மாதிரி ஒறைஞ்சிருந்துச்சு. நீங்க சொல்லிக் குடுத்ததுதானே."

பக்கத்து வாசலில் ஒருவன், நானா நல்லவர்தான், ஆனால் உப்பைத் தின்றவர் துரைக்குத்தான் பேசுவார் என்றான். வாந்திக்கிடையில் சிலர் சிரிக்கக்கூடச் செய்தார்கள். துரை சொன்னது சொன்னபடியே நடந்தது. அந்த மனுஷன் சொன்னது சரியாய்ப் போனதே என்பதுதான் எனக்கு இன்றைக்கும் அதிகமாகக் குமட்டுகிறது. கருப்பம்மா தட்டியில் சொருகியிருந்த ஒரு பொட்டலத்தை எடுத்து என் முன்னால் பிரித்தாள். வாழையிலையில் எட்டுப் பணியாரம். என்னைச் சமாதானப்படுத்துகிறாளாம்.

"சாமிக்குப் படைக்கிறதுக்கு முன்னாடியே ஒங்களுக்குன்னு தனியா எடுத்து வச்சேன். படைச்சதத் திங்க மாட்டீங்கன்னு தெரியும். வீட்டுக்குக் கொண்டு போங்க, அக்காவுக்கும் குடுங்க."

இருபத்துமூன்று காம்பராவிலும் எண்ணெய் இருந்தது. ஒவ்வொரு கரண்டியாக என்னால் தட்டிவிட முடியாது. நான் வாசலில் உட்கார்ந்து ஒரு பணியாரத்தை எடுத்தேன். பழக்கத்தில் நாக்கில் பிஸ்மி வந்தது. அதை மட்டும் விழுங்கிவிட்டேன், இதை அந்தப் பெயரைச் சொல்லித் தின்னக் கூடாது. எட்டையும் தின்றேன். குரக்கன் மாவும் கருப்பட்டியும், நல்ல ருசி. அது நல்ல ருசியாக இருந்ததை நான் மன்னிக்கவே மாட்டேன். பிறகு கருப்பம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். நான் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை, உங்கள் அரிசியில் ஒரு பருக்கையும் தொடவில்லை, நான் உட்கார்ந்திருக்கும் வரை மட்டும் பிள்ளைக்கு எண்ணெய் கொடுக்காதே, உப்புப் போட்ட கஞ்சித்தண்ணி கொடு என்று. சரி என்றாள். எனக்காக அல்ல, நான் அவள் பலகாரத்தைத் தின்ற மரியாதைக்காக.

முக்கால் மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை. லயம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. எனக்கே சந்தேகம் வந்தது, எனக்கு மட்டும் ஒன்றும் ஆகாமல் விட்டு அல்லாஹ் இந்த அளவுக்கு என்னைக் கேவலப்படுத்துவானா என்று பயம் வந்தது. அப்புறம் தொண்டை எரிந்தது. அடிவயிற்றில் யாரோ துணி பிழிவது போல ஒரு பிடி. எழுந்து காணுக்குப் போவதற்குள் வந்துவிட்டது. சட்டையிலும் சாரத்திலும், வாயாலும் வயிற்றாலும், பதுளைக் கடைத்தெருவின் எண்ணெய் முதலாளி அத்தனை பெண்களுக்கு முன்னால் நாறிக் கிடந்தேன். என் மாடு எப்படிக் கிடந்ததோ அப்படி. என் காதில் முதல் சட்டி எண்ணெய் காணில் விழும் சத்தம் கேட்டது. பிறகு அடுத்தது. ஒவ்வொரு காம்பராவாக வந்து கொட்டினார்கள். வீரய்யா கொட்டகைக்கு ஓடிப்போய்ப் பீப்பாவையே உருட்டிவிட்டான் என்று பின்னால் தெரிந்தது.

ரெங்கம்மா பிழைத்துவிட்டாள். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், அதற்காக யாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். கஞ்சித்தண்ணி அவளுக்குள் நின்றது, சாயங்காலம் தாயிடம் தண்ணீர் கேட்டாள். லயத்தில் யாரும் சாகவில்லை. மறுநாள் இஞ்சின் நின்றுபோனதற்குத் துரை குதித்தார், அன்றைய கொழுந்து குப்பையானது, என் கடைக்கும் அவர் மறுபடி வரவில்லை. அதிலெல்லாம் எனக்கு ஒன்றுமில்லை.

நான் காணோரம் கிடந்தபோது கருப்பம்மாதான் வந்தாள். மற்றவர்கள் தள்ளி நின்றார்கள். அவள் என் பக்கத்தில் குந்தி, என் தலையைத் தன் கையில் தாங்கி, செம்புத் தண்ணீரை வாயில் ஊற்றினாள். முந்தானையால் என் வாயைத் துடைத்தாள். தன் பிள்ளையைக் காப்பாற்றிக் கொடுத்த மனுஷன் என்று நினைத்துத் துடைத்தாள். நானா இல்லாவிட்டால் இன்னொரு கரண்டி கொடுத்திருப்பேனே என்று அழுதாள். எனக்கும் அது சுகமாக இருந்தது. அந்த அசிங்கத்துக்கு நடுவிலும், அவள் அப்படி நினைத்தது எனக்குச் சுகமாக இருந்தது.

பிறகு அவள் அழுகை நின்றது. யோசித்தாள். என் வாயைத் துடைத்துக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது.

"ஒங்களுக்கு இது எப்பலேருந்து தெரியும் நானா?"

ஒரு மாதமாக என்றேன்.

அவள் என் தலையைக் கீழே வைத்தாள். போடவில்லை, மெதுவாகத்தான் வைத்தாள். என்னைத் துடைத்த முந்தானையை விரலால் பிடித்துப் பார்த்தாள். எழுந்து குழாயடிக்குப் போய், அந்த முந்தானையைக் கல்லில் போட்டுச் சாம்பல் தேய்த்துக் கழுவ ஆரம்பித்தாள்.